கூட்டு வெண்ணெய்

அந்த வாரம் மட்டும் வயர்மேன் வீட்டுக்குப் பதினொரு பார்சல் வந்தது. முதல் மூன்றையும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஐந்தாவது வரும்போது பார்சல் கொண்டுவரும் பெண் அவரை அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எட்டாவதை வண்டியில் உட்கார்ந்தபடியே நீட்டிவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம் அங்கிள்" என்று கிளம்பிவிட்டாள். நாளைக்கும் வருமா என்று கேட்க இவர் வாயெடுப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும் என்று நினைத்தார். பிரித்த பிறகுதான் ஒன்றுமே விளங்கவில்லை. ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தராசு. இன்னொன்றில் ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி. அப்புறம் முட்டை வடிவத்தில் ஒரு டைமர், மூன்று தடவை சலித்த அரிசி மாவு, மணலை விடச் சன்னமான சர்க்கரை. மீதியெல்லாம் வெண்ணெய். ஐஸ் பையில் சுற்றிச் சுற்றி வைத்த ஆறு வகை வெண்ணெய். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அவர் மனைவி பிஸ்கட் சுடுகிறாள். டம்ளர் கணக்குக்கூடக் கிடையாது, எல்லாம் கைக்கணக்குதான். அந்தக் கைக்குத் திடீரென்று என்ன வந்தது? கேட்டால், "இப்போ எல்லாரும் ஆன்லைன்லதான் வாங்குறாங்க" என்றாள். எல்லாரும் என்றால் யார் யார் என்று அவர் கேட்கவில்லை. மேற்கொண்டு கேட்கிற ஆள் இல்லை அவர்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாக மின்சார வேலை. பெரிய கட்டடங்களில் எந்த வயர் எந்தச் சுவருக்குள் புகுந்து எங்கே தலைநீட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தெருவில் ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் மின்சார ஆபீஸுக்கு முன்னால் இவருக்குத்தான் போன் போகும். சொந்த வீட்டு விஷயம் மட்டும் மண்டையில் ஏறாது. மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்பதை ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள்.

அவரிடம் ஒரு சொல் இருந்தது. "நல்லா இருக்கு." புது மாப்பிள்ளையாக இருந்தபோது, மனைவி முதல் முதலாகக் கருக்கிப் போட்ட எதையோ மென்றுகொண்டே பயத்தில் சொன்னது. அன்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது என்று தெரிந்துகொண்ட ஆள், அப்புறம் வேறு சுவிட்சைத் தேடவே இல்லை. புதுத் திரைச்சீலை நல்லா இருக்கு. முடி வெட்டிக்கொண்டது நல்லா இருக்கு. மச்சினி வாங்கின வீடு நல்லா இருக்கு. அந்த வீட்டை அவர் அதுவரை பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

மனைவி சுடுவது ஒரே ஒரு பிஸ்கட்தான். ஷார்ட்பிரெட். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஊரில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அங்கே வார்டனம்மாவிடம் கற்றது. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. அந்த மூன்று பங்கு மாவில் கொஞ்சத்தைக் குறைத்து, அதற்குப் பதில் அரிசி மாவு. முட்டை கிடையாது, சோடா கிடையாது. குளிர்ந்த வெண்ணெயை மாவோடு சேர்த்து விரல்நுனியால் உதிர்க்க வேண்டும், பிசையக் கூடாது. வட்டத் தட்டில் அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, எட்டுத் துண்டாகக் கோடு போட்டு, மெல்லிய சூட்டில் சிவக்காமல் வேகவிட வேண்டும்.

"இதுக்கு ஏன் ஷார்ட்னு பேரு?" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டார்.

"வெண்ணெய் தூக்கலா இருந்தா மாவு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. வாயில வெச்சதும் உதிரும். அதுக்குப் பேருதான் ஷார்ட்."

"ஒட்டக்கூடாத ரெண்டு வயர் ஒட்டிக்கிட்டாத்தான் ஷார்ட். நீ என்னடான்னா ஒட்டாததைப் போய் ஷார்ட்ங்கிற?"

"அது உங்க ஷார்ட். இது என் ஷார்ட்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டார். இன்றுவரை அவருக்கு அது தெளியவில்லை.

இப்போது ஜாடிக்கு வருகிறேன். கண் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் டீ கொடுக்கும் இடத்தில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று உண்டு. ஒன்பது வருடமாக வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய பிஸ்கட்டால் அது நிறையும், சனிக்கிழமை மதியத்துக்குள் காலியாகும். ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள் மறு கண்ணால் முதலில் தேடுவது இந்த ஜாடியைத்தான் என்று கேன்டீன்காரர் சொல்வார். நர்ஸுகள், வார்டு ஆட்கள், கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் பிஸ்கட்டக்கா. மகள் வேலைக்குப் போனபின் காலியாகிப்போன அந்த வீட்டில், ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வித்தியாசம் காட்டியது அந்த ஜாடி ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அது அப்படித்தான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. ஆனால் ஆறு வெள்ளிக்கிழமை ஜாடி காலி. கடைசியில் கேன்டீன்காரரே போன் பண்ணிவிட்டார். "தப்பா நினைக்காதீங்கக்கா. பேக்கரிக்காரர் தினமும் வந்து நிக்கிறார். நீங்க வர்ற வெள்ளிக்கிழமை அனுப்புனா ஜாடி உங்களுக்குத்தான். இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க" என்றார். போனை வைத்த கையோடு அவள் ஆர்டர் போட ஆரம்பித்தாள். அதுதான் பதினொரு பார்சல்.

உங்களிடம் மறைப்பானேன்? காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பு மணக்கவில்லை, காபி மணக்கவில்லை, கைதவறி உடைத்த பினாயில் பாட்டில்கூட மணக்கவில்லை. நாக்கில் இனிப்பும் உப்பும் தெரிந்தன, அவ்வளவுதான். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கணவரிடம் "தொண்டைக்கு மருந்து குடுத்தாங்க" என்று சொல்லி வைத்தாள். உண்மையைச் சொன்னால் எல்லாரும் ஒரே குரலில் "ரெஸ்ட் எடு" என்பார்கள், அந்தச் சொல்லில் ஜாடி போய்விடும் என்று பயம். பால் கடையில் வெண்ணெயை மோந்து பார்த்து வாங்குகிறவள் அவள். இப்போது மோந்து என்ன பயன்? அதனால் எடை, சூடு, நேரம், நட்சத்திரம் என்று எழுதிக் காட்டுகிற பொருள்களை வாங்கினாள். முன்பின் தெரியாதவர்கள் போட்ட விமர்சனங்களை மணிக்கணக்கில் படித்தாள். 'மணம் அருமை, ஐந்து நட்சத்திரம்' என்று யாரோ எழுதியிருந்தால் அந்த யாரோவின் மூக்கை நம்பி ஆர்டர் போட்டாள். இவ்வளவும் ஒரே வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. வயர்மேனுக்குப் பார்சல் மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஆன்லைன் கடையின் தளத்தைப் போனில் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவள் மகள். மொழிபெயர்த்தது மெஷின். மெஷினுக்குத் தமிழ் தெரிந்தது, சமையல் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மனைவி போனை நீட்ட, வயர்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வாசித்தார்.

"சமவெளி மாவு. அப்படின்னா?"

"மைதா. மெஷினுக்கு 'ப்ளெயின்'னா சமவெளி."

"மலையில விளையறது தனியா இருக்கா?"

"கேலி பண்ணாம படிங்க."

"ஆமணக்குச் சர்க்கரை, அரைக் கிலோ. ஏம்மா, விளக்கெண்ணெய் எடுக்கிற செடியில சர்க்கரையா? சாப்பிட்டவன் எல்லாம் கண் ஆஸ்பத்திரியிலேருந்து வயித்து ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

அவள் சிரித்துவிட்டாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. "அது காஸ்டர் சுகர், சன்னமான சர்க்கரைங்க. மெஷின் அப்படி எழுதியிருக்கு."

"கலாச்சார வெண்ணெய்."

"கல்ச்சர்டு பட்டர். தயிர் மாதிரி லேசா புளிக்க வெச்சு எடுக்கிறது. மணம் நல்லா வருமாம். எழுபது பேர் எழுதியிருக்காங்க."

"கலாச்சாரம்னா எழுபது பேர் பேசத்தானே செய்வாங்க" என்றார். அதற்கும் சிரித்தாள். அவருக்கு மனது லேசானது.

புதன்கிழமை காலையில் போனில் ஒரு செய்தி. கலாச்சார வெண்ணெய் கையிருப்பில் இல்லை, அதே எடையில் கூட்டு வெண்ணெய் அனுப்பியிருக்கிறோம், சிரமத்துக்கு மன்னிக்கவும்.

"கூட்டு வெண்ணெய்னா என்ன?"

"பசும்பாலும் எருமைப்பாலும் கூட்டா சேர்த்திருப்பாங்க" என்றாள், அடித்துச் சொல்கிற மாதிரி.

"கூட்டுக் குடும்பம் மாதிரியா?"

"ஆமா."

பாக்கெட் வந்தது. மேலே எந்த நாட்டு எழுத்தோ, சுருட்டிச் சுருட்டி எழுதியிருந்தது. நடுவில் ஒரு பசு. "ஒரு மாடுதான் போட்டிருக்கு" என்றார் வயர்மேன். "இன்னொண்ணு பின்னாடி நிக்குதோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவள் அதை ஃப்ரிட்ஜில் வைத்தாள். அவர் வேலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது படியேறும்போதே பூண்டு வாசம். பக்கத்து வீட்டில் ஏதோ வதக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேஜைமேல் இரண்டு தட்டு ஷார்ட்பிரெட். வெளுத்த நிறம், குத்தினது குத்தின மாதிரி, கோடு போட்டது போட்ட மாதிரி. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. உடைந்த துண்டுகளைத் தனியாக ஒரு சின்னத் தட்டில் வைத்து நீட்டினாள். "எப்படி இருக்கு, சொல்லுங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பூண்டு! தெளிவான, சந்தேகத்துக்கு இடமில்லாத பூண்டு, இனிப்போடு கைகோத்துக்கொண்டு நாக்கில் நடந்தது. அவருக்குத் தலை சுற்றியது. இப்படியும் ஒரு பிஸ்கட் உண்டா? இருந்தாலும் இருக்கும். ஆன்லைனில் என்னென்னவோ போட்டுச் செய்கிறார்கள். சாக்லேட்டில் உப்பைத் தூவுகிறார்கள், பழத்தில் மிளகாய்ப்பொடி போடுகிறார்கள். பதினொரு பார்சல் வாங்கி, எழுபது பேர் எழுதியதைப் படித்துச் செய்தவளுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது? சமையல் விஷயத்தில் தப்பு என்று சொல்ல நான் யார்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே மென்றார். மெல்ல மெல்லப் பூண்டு கூடியது.

"நல்லா இருக்கு" என்றார்.

அவள் உலர்ந்த கையையே துண்டில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் தளும்புகிற மாதிரி இருந்தது. வயர்மேன் அதைப் பார்த்துவிட்டார். ஏதாவது செய்ய வேண்டும், என்ன செய்வது என்று தெரியவில்லை. கையை நீட்டி இரண்டாவது துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். இந்த மனிதர் வாழ்க்கையில் எத்தனையோ சின்னத் தப்பு செய்திருக்கிறார். பெரிய தப்பு என்றால் அந்த இரண்டாவது துண்டுதான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் ஒரு கல்யாண மண்டப ஏணியின் உச்சியில் இருந்தார். போன் அடித்தது. கேன்டீன்காரர்.

"அண்ணே, அக்காவுக்கு என்மேல ஏதாவது கோபமா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, பேக்கரிக்காரர் பேரை எடுத்தது தப்புதான். அதுக்காகப் பிஸ்கட்டுல பூண்டைப் போட்டு அனுப்பணுமா?"

வயர்மேன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அது புது மாதிரி" என்று இழுத்துப் பார்த்தார்.

"என்ன புது மாதிரி? ஒரு பெரியவர், கண்ணுல கட்டோட, டீயில தோய்ச்சு வாயில வெச்சுட்டு, 'ஆபரேஷன் கண்ணுக்குத்தானே, நாக்குல என்ன பண்ணீங்க?'ன்னு நர்ஸைக் கேட்கிறார். நர்ஸ் என்னைக் கேட்குது. நான் யாரைக் கேட்பேன்? ஜாடியைக் காலி பண்ணிட்டேன். வந்து எடுத்துட்டுப் போங்கண்ணே. அடுத்த வெள்ளி ஒரு தடவை பார்ப்போம். ஒன்பது வருஷப் பழக்கத்துக்காகச் சொல்றேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். டூல்ஸ் பையில் ஒளித்துக்கொண்டு வந்தும் பயனில்லை. பையே மணந்தது, ஆனால் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது பிஸ்கட் டப்பாவின் மூடி. பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"கேன்டீன் லீவு."

"வெள்ளிக்கிழமையா?"

"அங்க கரண்ட் இல்ல."

"கரண்ட் இல்லாத இடத்தை விட்டுட்டு நீங்க இங்க என்ன பண்றீங்க?"

முப்பது வருட வயர்மேன் டூல்ஸ் பையைக் கீழே வைத்தார். "பிஸ்கட்டுல பூண்டு வாசம் வருதாம்" என்றார் தரையைப் பார்த்து.

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து மிச்சமிருந்த கூட்டு வெண்ணெயை எடுத்தாள். பிரித்தாள். மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள். மூன்றடி தள்ளி நின்ற வயர்மேனுக்குப் பூண்டு நெடி முகத்தில் அடித்தது. அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். வெண்ணெய் மூக்கில் ஒட்டியது. முகம் அப்படியே இருந்தது, பூட்டின வீடு மாதிரி. அப்போதுதான் அந்த மனிதருக்கு விளங்கியது. தராசு, டைமர், வெப்பமானி, நட்சத்திரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. ஏழு வாரம் பக்கத்திலேயே இருந்துவிட்டு இப்போது விளங்குகிறதே என்று அவருக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது.

"எப்போலேருந்து?" என்றார்.

"காய்ச்சல்லேருந்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போயிருந்தாள். "நீங்க சொல்றதை நான் என்னிக்கு நம்பியிருக்கேன்? கல்யாணமான மூணாம் மாசமே தெரிஞ்சுபோச்சு, எதைக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்கன்னு. அதனால உங்க கையைப் பார்ப்பேன். நிஜமாவே பிடிச்சிருந்தா, பேசிட்டே இருப்பீங்க, கை தானா தட்டுக்குத் திரும்பிப் போகும். உங்களுக்கே தெரியாது. பிடிக்கலன்னா போகாது. இருபத்தாறு வருஷமா அதுதான் எனக்குக் கணக்கு. நேத்து ரெண்டாவது எடுத்தீங்களே, அதை நம்பித்தானே அனுப்பினேன். ஏன் எடுத்தீங்க?"

"நீ அழப்போற மாதிரி இருந்தது."

"அதுக்கு?"

"என்ன செய்யறதுன்னு தெரியல."

அவள் அவரையே பார்த்தாள். அப்புறம் எழுந்து, "ஜாடியைப் பேக்கரிக்காரருக்கே குடுத்துடச் சொல்லுங்க. மூக்கு இல்லாம இந்த வேலை ஆகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மணி மூன்றுகூட ஆகவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அந்த வீட்டில் ஓவன் சூடாகவில்லை. வயர்மேன் கேன்டீன்காரருக்குப் போன் பண்ணவில்லை. அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டது அதுவே முதல் தடவை. அது சரியா தப்பா என்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்: கோளாறு எங்கே ஆரம்பித்ததோ அங்கே போய்ப் பார்ப்பது. வெண்ணெய் அனுப்பிய கடையின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"கூட்டு வெண்ணெய்னா என்னம்மா அர்த்தம்?"

"காம்பவுண்ட் பட்டர் சார்."

"காம்பவுண்டுன்னா சுவருதானே?"

"இல்ல சார், வேற பொருள் கலந்தது. பூண்டு, மூலிகை, அந்த மாதிரி."

"அதை அப்படியே எழுதக் கூடாதாம்மா?"

"மெஷின் எழுதுறது சார். புகார் பதிவு பண்ணட்டுமா?"

"புகார் வேணாம். கலாச்சார வெண்ணெய் வந்துடுச்சா? அதுல பூண்டு இருக்குமா?"

"வந்துடுச்சு சார். கலாச்சாரத்துல பூண்டு இல்ல சார்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சமும் சிரிக்காமல்.

புதன்கிழமை அது வந்ததும், பார்சல்காரப் பெண் நிற்கும்போதே பிரித்து, வாசலிலேயே மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "என்ன அங்கிள்?" என்றாள் அவள். "ஒண்ணுமில்லம்மா, சரிபார்க்கிறேன்" என்றார். பாலும் லேசான புளிப்புமாக ஏதோ வந்தது. பூண்டு இல்லை. இல்லை என்பதைத் தவிர அவரால் வேறு எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாக்கெட்டைக் கொண்டுபோய் மனைவி முன்னால் வைத்தார். "ஒரே ஒரு தடவை" என்றார். பாக்கெட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது" என்றாள். தலையாட்டினார்.

வியாழக்கிழமை லீவு போட்டார். காலை பத்து மணிக்கு மாவு தயார். தராசில் நிறுத்தாள், விரலால் உதிர்த்தாள், தட்டில் அழுத்தினாள், ஓவனுக்குள் வைத்தாள்.

"எப்போ எடுக்கணும்னு முன்னாடியெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசம் வாசலுக்கு வரும். உள்ளேயே நின்னா மூக்கு பழகிடும், தெரியாது. அதனால வெளிய போய் நிப்பேன். அங்க வந்து சேர்ந்ததும் எடுத்துடுவேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். அவள் ஓவன் பக்கத்தில் நின்றாள். டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"வந்த மாதிரி இருக்கு."

"மாதிரியா, வந்துடுச்சா?"

"பக்கத்து வீட்டுல துணி காயுது. சோப்பு வாசமும் வருது. எது எதுன்னு..."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க!"

"தெரியல."

டைமர் அடித்தது. அவள் அதை நம்பித் தட்டை வெளியே எடுத்தாள். ஆறியதும் ஒரு துண்டைச் சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வயர்மேனுக்கு இப்போது வேறு சங்கடம். கை கவனிக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த கை இயல்பாக இருக்குமா? திரும்பத் தட்டுக்குப் போனால் நடிப்போ, போகாவிட்டால் அதுவும் நடிப்போ? வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, இடது கையால் பிட்டு வாயில் போட்டார். அவள் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு துண்டு பிஸ்கட்டை வேறு நினைப்பே இல்லாமல் மென்றார். இனிப்பு வந்தது, வெண்ணெய் வந்தது, உதிர்ந்தது. அப்புறம் நடுவில் வேறு ஏதோ ஒன்று வந்தது.

"பச்சை வாசம் போகல" என்றார்.

சொன்னது தான்தானா என்று அவருக்கே திடுக்கென்றது. அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"மாவு வாசம். பச்சையா. நடுப் பக்கத்துல. ஒருவேளை என் மூக்குக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ."

"உங்க மூக்குக்குத்தான் தோணணும். வேற யார் மூக்கு இருக்கு இந்த வீட்டுல?" என்றாள். தட்டை மறுபடி ஓவனுக்குள் தள்ளினாள். டைமரை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அவரை வாசலுக்குப் பிடித்துத் தள்ளாத குறை.

மறுபடியும் நின்றார். ஒரு நிமிடம். மூன்று. சோப்பு வாசம், தெருப் புழுதி வாசம், தன் சட்டையில் பழைய வயர் கருகின வாசம். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நின்றார். ஆறாவது நிமிடமோ ஏழாவதோ, வாசல்படியைத் தாண்டி அது வந்தது.

அதற்கு அவரிடம் பெயர் இல்லை. ஆனால் தெரிந்தது. இத்தனை வருடமாக வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடித்துப் படியேறும்போது, முதுகு வலியெல்லாம் பாதியாகி, அப்பாடா வீட்டுக்கு வந்துட்டோம் என்று தோன்றுமே, அது இதனால்தான். வீடு வந்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வாசத்தால் என்று இப்போதுதான் தெரிகிறது. மடையன், மடையன் என்று தன்னைத் திட்டிக்கொண்டே, "எடு! எடுத்துடு! வந்துடுச்சு!" என்று கத்தினார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கையுறையோடு அவள் வாசலுக்கு வந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு வாசம்?" என்று கேட்டாள்.

"சொல்லத் தெரியலம்மா."

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்க."

படியில் உட்கார்ந்தார்கள். அவர் சொல்லிப் பார்த்தார். சூடாக இருக்கிறது என்றார். வாசத்தில் என்ன சூடு என்று அவரே மறுத்தார். பால் காய்ச்சும்போது ஓரத்தில் லேசாகப் பிடிக்குமே அந்த மாதிரி, ஆனால் அது இல்லை என்றார். மழைக்கு முந்தி வெயில் அடிக்கிற வைக்கோல் என்றார், அதையும் பாதியில் விட்டார். ஒன்றுகூட உருப்படியாக முடியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அழுதாள். அவர் நிறுத்தினால், "ம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கேன்டீன்காரருக்குப் போன் போடுங்க. நாளைக்கு ரெண்டு தட்டு வருதுன்னு சொல்லுங்க" என்றாள்.

"நான் இன்னும் சாப்பிட்டே பார்க்கலையே?"

"வேணாம். கத்தினீங்களே, அது போதும்."

அவர் போனை எடுத்தார். மறுமுனையில் "சொல்லுங்கண்ணே" என்ற குரல் கேட்டதும் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. "அண்ணே? என்னண்ணே? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று அந்தப் பக்கம் பதறியது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஜாடியைக் கழுவி வைங்க" என்றாள்.